உடைந்த ஷீட்டை எங்கே கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் எங்கள் ஊர்க் குளத்தங்கரைப் பாதையின் பள்ளங்களை அடைக்க இரண்டு டிராக்டர் நிறைய உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பக்கத்து ஊரில் பழைய ஷீட் கட்டடம் ஒன்றை இடித்திருக்கிறார்கள். இடிபாட்டைக் கொட்ட இடம் தேடியவர்களுக்கு எங்கள் பாதை வசதியாகப் போய்விட்டது. கொட்டிய பிறகு டிராக்டரையே அதன் மேல் நாலைந்து தடவை ஏற்றி இறக்கி நொறுக்கினார்கள். அப்போது காலை எட்டரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் அந்த வெள்ளைப் புழுதிக்குள் சைக்கிள் மிதித்துப் போனார்கள். ஒரு பையன் கையகலத் துண்டு ஒன்றைப் பொறுக்கித் தார்ச்சாலையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் போய் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டிவந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "சிமெண்ட் ஷீட்டுதானே அண்ணே, மண்ணோட மண்ணாப் போயிடும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் என்னுடையது. 2006இல் கட்டட வேலைக்காகச் சிங்கப்பூர் போனேன். 2011இல் இருந்து அங்கே பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். 2021இல் ஊர் திரும்பிவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றுவது எப்படி என்று பத்து வருடம் கையால் செய்து கற்றுக்கொண்டவன். அந்தத் தகுதியில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைச் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் அந்த வேலையில் சேர்ந்தபோது முதல் வாரம் முழுக்கப் பயிற்சிதான். ஷீட்டைத் தொடவே விடவில்லை. முதலில் மருத்துவரிடம் அனுப்பி நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம் முகமூடி பொருந்துகிறதா என்று ஒரு சோதனை. முகமூடியை மாட்டிக்கொண்ட பிறகு தலைக்கு மேல் ஒரு கூடு போல மாட்டி, அதற்குள் கசப்பு மருந்தைப் பீய்ச்சுவார்கள். தலையை இடமும் வலமும் திருப்ப வேண்டும், சத்தமாக எண்களைச் சொல்ல வேண்டும். நாக்கில் கசப்பு தெரிந்தால் முகமூடியில் எங்கோ இடைவெளி இருக்கிறது என்று பொருள். எனக்கு முதல் தடவை கசந்தது. காரணம் என் தாடி. இரண்டு நாள் தாடி இருந்தாலும் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டாதாம். அன்றிலிருந்து பத்து வருடம் தினமும் சவரம் செய்துகொண்டுதான் வேலைக்குப் போனேன்.

வேலை இரண்டு விதம். கட்டடத்துக்குள்ளே குழாயைச் சுற்றிப் பொதிந்தது, உள்கூரைப் பலகை போன்றவை எளிதில் உதிரக்கூடியவை. அதற்கு அறை முழுவதையும் பாலிதீன் விரிப்பால் மூடி, உள்ளே இருக்கும் காற்று வடிகட்டி வழியாக மட்டும் வெளியேறும்படி இயந்திரம் வைத்து, நாங்கள் உடல் முழுக்க மூடும் உடுப்போடு உள்ளே போவோம். வெளியே வரும்போது உடுப்பைக் கழற்ற ஓர் அறை, குளிக்க ஓர் அறை, நம் சொந்தத் துணியை மாட்டிக்கொள்ள ஓர் அறை என்று வரிசையாகக் கடந்துதான் வர வேண்டும். கழற்றிய உடுப்பும் கழிவுதான். அதையும் மூட்டையில் கட்டிவிடுவோம்.

இன்னொன்று கூரை ஷீட். நம் ஊரில் உள்ள அதே ஷீட்தான். சிமெண்டோடு ஆஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நார் இறுகிப் பிடித்திருப்பதால் அறை கட்டத் தேவையில்லை. ஆனால் உடைக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி, இரண்டாவது விதியும் அதுவே. முதலில் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்து நனைப்போம். துருப்பிடித்த போல்ட்டைச் சுத்தியலால் அடித்து எடுக்க மாட்டோம். நனைத்துவிட்டு போல்ட்டின் தலையை மட்டும் வெட்டி எடுப்போம். ஷீட்டை முழுதாகத் தூக்கி, ஆள்மாற்றி ஆளாகக் கைகளில் இறக்குவோம். மேலிருந்து கீழே போட்டால் அன்றைக்கு வேலை நின்றுவிடும். கீழே தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுவோம். உரிமம் பெற்ற கழிவு வண்டி ஒன்று வந்து எடுத்துப்போகும். எத்தனை மூட்டை, எங்கே போகிறது என்பதெல்லாம் தாளில் இருக்கும்.

2014 மே 1 முதல் அங்கே ஆஸ்பெஸ்டாஸுக்கென்று புதிய பணியிடப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1991 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் கட்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றிக் கட்டவோ வேண்டுமானால், முதலில் தகுதியுள்ள ஒருவரை வைத்து அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஆய்வு செய்தாக வேண்டும். இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் அகற்றலாம். அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கடைக்காரராக இருந்தாலும் பெரிய தொழிற்சாலையாக இருந்தாலும் இதுதான். செலவாகிறதே என்று முணுமுணுக்கும் உரிமையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் செய்தார்கள்.

இப்படிப் பழகிய கண்ணோடு 2018 நவம்பரில் ஊருக்கு வந்தேன். நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் பகுதியில் தென்னை என்று ஒன்று நிற்கவில்லை. அவசர விடுப்பு எடுத்துக்கொண்டு நான் வந்து சேர எட்டு நாள் ஆனது. மரங்களுக்காக ஊரே அழுதுகொண்டிருந்தது. நானும் அழுதேன். எங்கள் கொல்லையில் அப்பா வைத்த நாற்பது மரமும் சாய்ந்து கிடந்தன. ஆனால் எனக்கு மட்டும் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தெரு முழுக்க உடைந்த ஷீட்.

பெண்கள் விளக்குமாற்றால் அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இளவட்டங்கள் கடப்பாரையால் பெரிய துண்டுகளைச் சின்னதாக உடைத்துச் சட்டியில் அள்ளினார்கள். ஓரளவு நல்ல துண்டுகளைக் குளியல் மறைப்புக்கு, கோழிக்கூண்டுக்கு, எருக்குழி மூட என்று ஆளாளுக்கு எடுத்துவைத்தார்கள். இன்னொரு பக்கம் புது ஷீட் வந்து இறங்கிற்று. மின்சாரம் இல்லாததால் ஜெனரேட்டர் வைத்து, கிரைண்டரில் கட்டிங் பிளேடு போட்டு அறுத்தார்கள். ஷீட்டை அறுப்பதில் அதைவிடக் கெட்ட முறை கிடையாது. கைரம்பம் கொஞ்சம் பொடியாக உதிர்க்கும், கிரைண்டர் அதைப் புகையாகவே ஆக்கிவிடும். அறுத்தவன் என் அக்கா மகன். முகத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தான், அவ்வளவுதான். அவன் புருவம் வரை வெள்ளையாக இருந்தது. அவனுடைய மூன்று வயது மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இதெல்லாம் சிங்கப்பூர்லதான். இங்க யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். இந்த நோயின் இயல்பே அப்படி. இன்றைக்குச் சுவாசித்த நார் நாளைக்கு இருமலாக வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. அதை உடம்பால் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியே தள்ளவும் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் பெரும்பாலும் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். பீடி, சிகரெட் பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடும். அதற்குள் அந்த ஷீட்டை அறுத்தது யாருக்கு நினைவிருக்கும்?

என் பெரியப்பா எங்கள் வட்டாரத்தில் முதன்முதலாக ஷீட் மாட்டும் குழு வைத்தவர். அரிசி ஆலை, சினிமாக் கொட்டகை, உரக் கிடங்கு என்று எண்பதுகளில் அவர் மாட்டாத இடம் இல்லை. கடைசி நான்கு வருடம் அவரால் வாசலில் இருந்து கிணற்றடி வரை நடக்க முடியவில்லை, மூச்சு வாங்கும். காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், அப்புறம் ஆஸ்துமா என்றார்கள். அவர் எந்த நோயால் இறந்தார் என்று நான் இங்கே எழுத முடியாது, அது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். நான் கூடவே போன மூன்று இடங்களிலும் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று ஒரு மருத்துவர்கூட அவரைக் கேட்கவில்லை. இதைப் படிக்கும் மருத்துவர்கள், மூச்சுத் திணறலோடு வரும் கட்டட வேலைக்காரர்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஷீட் போட்டவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கீற்றுக் கூரையில் வாழ்ந்தவனுக்குத்தான் ஷீட்டின் அருமை தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கீற்று மாற்ற வேண்டும். மழைக்கு ஒழுகும், பாம்பு வரும், அடுப்புப் பொறி ஒன்று பட்டால் தெருவே எரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகள் கருகிப் போனார்கள். அந்தக் கூரை கீற்றுக் கூரை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றை அகற்றினார்கள், எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்குப் பல பள்ளிகளில் ஷீட் வந்தது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். என் வீட்டுக்கு நான் ஷீட் போட்டது அதற்கு முந்தைய வருடம். நானே அறுத்தேன், நானே துளை போட்டேன். என் மனைவி அந்தப் பொடியை முறத்தில் அள்ளி முருங்கை மரத்தடியில் கொட்டினாள். அதை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

சரி, ஷீட் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் நல்லதைவிடக் கெட்டதையே செய்துவிடும். கூரை ஷீட்டில் பொதுவாக 100 கிலோவுக்கு 8 முதல் 10 கிலோ வரைதான் ஆஸ்பெஸ்டாஸ் நார், மற்றதில் பெரும்பகுதி சிமெண்ட். விரிசல் இல்லாமல், உதிராமல், மேலே அமைதியாக இருக்கிற ஷீட்டால் கீழே படுத்திருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. இதைப் படித்துவிட்டு நாளைக்கே கடப்பாரையோடு கூரை ஏறிவிடாதீர்கள். அறுப்பது, துளையிடுவது, உடைப்பது, தேய்ப்பது, உலர்ந்த பொடியைக் கூட்டுவது ஆகியவைதான் நாரைக் காற்றில் கலக்கின்றன.

தேய்ப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் சூடு தணிய ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்னால் பாசியைக் கம்பி பிரஷ்ஷால் வறட்டு வறட்டென்று தேய்க்கிறார்கள். இருபது, முப்பது வருட ஷீட்டின் மேல்பக்கம் வெயிலிலும் மழையிலும் அரித்து, நார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தேய்க்கத்தான் வேண்டுமென்றால் நன்றாக நனைத்துவிட்டு மென்மையான துடைப்பத்தால் செய்யுங்கள். அப்புறம், அரிசி வடகத்தையும் மிளகாயையும் ஷீட்டின் மேல் நேரடியாகக் காயவைக்காதீர்கள். எங்கள் தெருவில் இன்னும் காய்கிறது. ஷீட்டின் மேல் நடக்கவும் கூடாது. பழைய ஷீட் ஆளைத் தாங்காது. பொத்துக்கொண்டு விழுந்து முதுகெலும்பு போனவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1986லேயே புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கக் குத்தகை கொடுப்பதை அரசு நிறுத்தியது. 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் அவர்களின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு தொழிலாளியின் உடல்நல ஆவணத்தை அவர் வேலையில் சேர்ந்ததில் இருந்து 40 ஆண்டுகளாவது, அல்லது வேலையை விட்டு 15 ஆண்டுகள் வரை, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நாற்பது ஆண்டு! நோய் எவ்வளவு தாமதமாக வரும் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டுதான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் அது ஆலைக்குள் வேலை பார்ப்பவருக்கு. ஆலையின் வாசலைத் தாண்டி ஷீட் லாரியில் ஏறியதும் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. என் அக்கா மகனுக்கு ஆவணம் எதுவும் இல்லை. எக்ஸ்ரேவும் இல்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் எண்பதுகளிலேயே இந்தப் பொருள்களைப் பாதுகாப்பாகக் கையாளவும் கழிவை அப்புறப்படுத்தவும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருக்கிறது. எத்தனை ஷீட் கடைகளில் அதன் ஒரு வரியாவது தமிழில் ஒட்டியிருக்கிறார்கள்? நான் போன கடைகள் எதிலும் இல்லை. ஷீட்டின் மேல் எச்சரிக்கை அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன், ஆங்கிலத்தில். அதை மாட்டுகிறவர்களில் பலரால் அதைப் படிக்க முடியாது.

2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி ஆஸ்பெஸ்டாஸ் கழிவை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. அதே வேளையில் புதிய ஆஸ்பெஸ்டாஸ் நார் ரஷ்யா, கஜகஸ்தான் போன்ற நாடுகளில் இருந்து கப்பல் கப்பலாக வருகிறது. உலகிலேயே அதை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு நாம்தான். வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. வேலையிடத்தில் இதைச் சுவாசித்ததால் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பதும் அதன் கணக்குதான். பிரிட்டன் 1999இலும், ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் தடை செய்தன. ஒரு காலத்தில் தோண்டியெடுத்து உலகுக்கெல்லாம் விற்ற கனடாவே 2018இல் தடை கொண்டுவந்தது. நாமும் ஒருநாள் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அது டெல்லியில் முடிவாக வேண்டிய விஷயம். நாளைக்கே தடை வந்தாலும், ஏற்கெனவே நம் தலைக்கு மேல் இருக்கிற ஷீட் எங்கேயும் போய்விடாது. அது ஒவ்வொன்றாக வயதாகி, உடைந்து, புயலில் பறந்து கீழே வந்துகொண்டுதான் இருக்கும். நான் கேட்பது அதைப் பற்றி.

குளத்தங்கரை விஷயத்துக்குப் பிறகு மூன்று அலுவலகங்களுக்குப் போனேன். இந்த உடைந்த ஷீட்டை எங்கே கொடுப்பது என்ற ஒரே கேள்விதான் கேட்டேன். முதல் இடத்தில் குப்பைக் கிடங்கில் போடச் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில், அது தங்கள் வேலை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் இருந்த அதிகாரி உட்காரவைத்துப் பேசினார். தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, ஆனால் வீட்டுக்காரர்களிடம் வாங்குவதற்கு வழிமுறை எதுவும் தனக்குத் தெரிந்து இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். எங்கள் ஊரில் இருந்து கும்மிடிப்பூண்டி 400 கிலோமீட்டர் தூரம். பத்து ஷீட் வைத்திருக்கும் ஒரு விவசாயக் கூலி என்ன செய்வார்? குளத்தில்தான் கொட்டுவார்.

அதனால் அரசை நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும், ஒவ்வொரு நகராட்சியிலும் பழைய ஷீட்டை வாங்கிவைக்க ஓரிடம் வேண்டும். தரை பூசிய, கூரையும் பூட்டும் உள்ள ஓர் அறை போதும். நனைத்து, பாலிதீனில் சுற்றிக் கொண்டுவந்தால் பணம் கேட்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். பணம் கேட்டால் ஒருவரும் கொண்டுவர மாட்டார்கள். நிறைந்ததும் மொத்தமாக முறையான இடத்துக்கு லாரியில் அனுப்பலாம். டெங்கு வந்தால் வீடு வீடாக வந்து தேங்கிய தண்ணீரைக் கொட்டவைக்கும் அரசுக்கு இது முடியாத காரியமா?

அதோடு, வீடு கட்டவும் இடிக்கவும் அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு வரியைச் சேருங்கள்: பழைய கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளதா, இருந்தால் எத்தனை ஷீட், எங்கே ஒப்படைக்கப் போகிறீர்கள்? அந்த ஒப்படைப்புச் சீட்டு இல்லாமல் அடுத்த அனுமதி இல்லை என்றால் போதும். வணிகக் கட்டடங்களுக்கு இது இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூடிக்கிடக்கும் அரிசி ஆலைகள், கோழிப்பண்ணைகள், பழைய திரையரங்குகள், திருமண மண்டபங்கள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான ஷீட் இருக்கின்றன. இப்போது அவற்றை இடிக்கும்போது முழு ஷீட்டைப் பழைய பொருள் கடைக்கு விற்கிறார்கள், உடைந்ததைப் பள்ளத்தில் கொட்டுகிறார்கள். விற்ற ஷீட்டை வாங்குவது யார்? புதிது வாங்கக் காசில்லாத ஏழை. வாங்கிப்போய் மறுபடி துளை போட்டு, அளவுக்கு அறுத்து மாட்டுகிறார். முப்பது வருடம் வெயிலில் காய்ந்த ஷீட்டை அறுத்தால் எவ்வளவு பொடி பறக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பழைய ஷீட்டை மறுபடி விற்பதையாவது முதலில் தடை செய்யுங்கள். அதற்குப் பதிலாக மாற்றுக் கூரைக்கு ஏழைகளுக்கு மானியம் கொடுங்கள். வெறுமனே தடை போட்டால் அது அவர்கள் தலையில்தான் விடியும்.

புயல் காலத்துக்கென்று தனி ஏற்பாடு தேவை. நிவாரணப் பொருள்களோடு தடித்த பாலிதீன் சாக்கும், நல்ல வடிகட்டியுள்ள முகமூடியும் சேர்ந்து வரட்டும். துணியும் துண்டும் இந்த நாரைத் தடுக்காது. "உடைக்காதே, நனை, சுற்று" என்று மூன்று சொல்லை ஒலிபெருக்கியில் சொன்னால்கூடப் பாதி ஆபத்து குறையும். சுத்தம் செய்ய வருகிற தூய்மைப் பணியாளர்களுக்குத்தான் இது எல்லாரையும்விட முதலில் தெரிய வேண்டும். கஜாவின்போது வெறும் கையால் அள்ளியவர்கள் அவர்கள்தான்.

என் அக்கா மகன் இப்போது கிரைண்டரைத் தொடுவதில்லை. நான் பேசிப் பேசி மாறினான் என்று பெருமைப்பட முடியாது. சிங்கப்பூரில் எனக்குக் கொடுத்த முகமூடி ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அதை அவனிடம் காட்டி, கசப்பு மருந்துக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வெளிநாட்டுக்காரன் உங்க நுரையீரலுக்கு இவ்வளவு செலவு பண்ணியிருக்கானா மாமா" என்றான். அடுத்த வாரம் ஷீட் வேலைக்குப் போனபோது கைரம்பமும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டுபோனான். இப்போது பெரும்பாலும் தகட்டுக் கூரைதான் மாட்டுகிறான்.

குளத்தங்கரையில் கொட்டியதை நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாளில் அள்ளினோம். காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், கைத்தெளிப்பானால் நனைத்து நனைத்து எடுத்தோம். மண்ணில் புதைந்த சின்னச் சில்லுகளை எடுக்க முடியவில்லை. மேலே ஒரு சாண் களிமண் போட்டு அடைத்திருக்கிறோம். அள்ளியது 31 சாக்கு வந்தது. ஒவ்வொன்றையும் இரட்டைப் பாலிதீனில் கட்டி, தமிழில் எழுதி ஒட்டி, மாடு இல்லாத எங்கள் மாட்டுக் கொட்டகையில் அடுக்கிவைத்திருக்கிறேன். வாசலுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அதை எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று அதிகாரிகள் யாராவது உங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவித்தால், என் சொந்தச் செலவில் வண்டி வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஊர் திரும்பிய கட்டடத் தொழிலாளி ஒருவர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.